அண்ணப்பிளவுடன் பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டுவது: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை மார்பில் வாய் வைக்கிறது. தாடை அசைகிறது, சப்பும் சத்தம்கூடக் கேட்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து அப்படியே தூங்கிப்போகிறது. வயிறு நிறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். சில நாள் கழித்து எடை போடும்போதுதான் தெரிகிறது, குழந்தை இத்தனை நேரமும் உழைத்திருக்கிறதே தவிரக் குடிக்கவில்லை. அது பசி ஆறிய தூக்கமல்ல, களைத்துப்போன தூக்கம்.

அண்ணத்தில், அதாவது வாயின் மேல்கூரையில், பிளவுடன் குழந்தை பிறந்த வீடுகளில் இப்படி நடப்பது மிகவும் சகஜம். சரியான கருவியும் கொஞ்சம் கைப்பழக்கமும் இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம். முதல் வாரத்தில் எதைச் செய்ய வேண்டும், எந்தப் புட்டியை எடுக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல யாரும் அருகில் இல்லாத பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ இதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால், அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் அந்த வாயைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடித்துப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் காற்றுதான் வரும். அண்ணப்பிளவுள்ள குழந்தையின் வாயும் அப்படித்தான். பால் உறிஞ்ச வேண்டுமென்றால் வாய்க்குள் காற்றழுத்தம் குறைய வேண்டும். அதற்கு உதடு முன்பக்கத்தை மூட வேண்டும், அண்ணம் மேல்பக்கத்தை மூட வேண்டும். அண்ணத்தில் திறப்பு இருக்கும்போது வாயும் மூக்கும் ஒரே அறையாகிவிடுகின்றன. குழந்தை இழுக்க இழுக்க, மூக்கின் வழியாகக் காற்று உள்ளே வந்துவிடுகிறது.

ஆனால் பால் குடிப்பது என்பது உறிஞ்சுவது மட்டுமல்ல. காம்பை ஈறுக்கும் நாக்குக்கும் நடுவில் வைத்து அழுத்துவது ஒரு வேலை. வந்த பாலை விழுங்குவது இன்னொரு வேலை. வேறு உடல்நலக் குறைகள் இல்லாத பெரும்பாலான அண்ணப்பிளவுக் குழந்தைகளால் இந்த இரண்டையும் செய்ய முடியும். இழுக்கும் வேலை ஒன்றுதான் விடுபட்டுப்போகிறது. அந்த ஒரு வேலையை ஏற்பதற்காகத்தான் கருவிகள் எல்லாம்: சிலவற்றில் உங்கள் கை அதைச் செய்கிறது, சிலவற்றில் ஒரு சிறு வால்வு செய்கிறது, கோப்பையில் உறிஞ்சுவதற்கே அவசியமில்லாமல் போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் எந்தப் புட்டியைப் பார்த்தாலும் அது உங்கள் குழந்தைக்கு உதவுமா என்று உங்களாலேயே சொல்லிவிட முடியும்.

பிளவின் வகையும் முக்கியம். உதட்டில் மட்டும் பிளவு இருந்தால் பெரும்பாலும் மார்பிலேயே குடித்துவிடும். மார்பின் மென்மையான சதையே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அல்லது தாய் ஒரு விரலால் அடைத்துக்கொள்ளலாம். அண்ணத்தில் பிளவு இருந்தால், உதடு முழுமையாக இருந்தாலும், மார்பில் மட்டுமே குடித்து வளர்வது அரிது. பார்வைக்கு உதட்டுப் பிளவே பெரிதாகத் தெரிவதால் பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

உதடு முழுமையாக இருக்கும்போது அண்ணப்பிளவு பிறந்த அன்று கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. விரலால் தடவிப் பார்த்தால் மட்டும் போதாது; நாக்கை மெல்ல அழுத்தி, டார்ச் வெளிச்சத்தில் உள்நாக்கு வரை பார்க்க வேண்டும். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால், மேலே தோல் மூடியிருந்தாலும் உள்ளே தசை பிளந்திருக்கலாம். மூக்கு வழியாகப் பால் வருவது, ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் இழுப்பது, எடை ஏறாமல் நிற்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் வாயை மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கரு உருவாகும்போது இரு பக்கங்களிலிருந்து வளர்ந்து வந்து நடுவில் சேர வேண்டிய அண்ணம், ஏறக்குறைய கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரங்களுக்குள் சேர்ந்துவிட வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பம் தெரியவரும் நாட்களே அவை. ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது. நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்று யார் கணக்குக் கேட்டாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பால் சுரப்பை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்

புட்டியைத் தேடி ஓடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். குழந்தை உறிஞ்சாவிட்டால் மார்புக்குச் சுரக்கச் சொல்லும் தூண்டுதல் கிடைக்காது. முதல் இரண்டு வாரம் கைவிட்டுப்போனால் பிறகு சுரப்பை மீட்பது கடினம். ஆகவே பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே பாலைப் பீய்ச்சி எடுக்கத் தொடங்குங்கள். முதல் நாட்களின் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதற்குப் பம்ப்பைவிடக் கையே நல்லது. பிறகு ஒரு நாளில் 8 முதல் 10 முறை, இரவில் ஒரு முறையாவது சேர்த்து, பீய்ச்ச வேண்டும். பால் இறங்கிய பிறகு மின்சாரப் பம்ப், முடிந்தால் இரு மார்புக்கும் சேர்த்து இயங்குவது, நேரத்தை மிச்சப்படுத்தும்.

தாய்ப்பாலை இவ்வளவு வலியுறுத்துவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு வரும் குழாயைத் திறக்கும் தசைகள் அண்ணத்தோடு இணைந்தவை. பிளவு இருக்கும்போது அவை சரியாக வேலை செய்வதில்லை. காதில் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். தாய்ப்பால் அந்தத் தொற்றைக் குறைக்க உதவுகிறது. அப்படியும் சுரப்பு போதவில்லையென்றால் மருத்துவர் சொல்லும் பவுடர் பாலைக் கலந்து கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. குழந்தை வளர்வதுதான் முதல் தேவை.

பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியின் உள்தட்டில் 4 நாள் இருக்கும். குழந்தை வாய் வைத்த புட்டியில் மீந்ததை 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், அல்லது கொட்டிவிடுங்கள். சூடாக்க, வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்திவைத்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், பால் ஒரே சீராகச் சூடாகாது, நடுவில் கொதிக்கும் பால் நாக்கைச் சுட்டுவிடும்.

மார்பில் போடவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். புட்டிப் பால் குடித்து முடித்த பிறகு, அரவணைப்புக்காக, ஐந்து பத்து நிமிடம். அதை ஒரு வேளைப் பாலாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

எந்தக் கருவி?

வழக்கமான கெட்டிப் புட்டியும் வழக்கமான நிப்பிளும் இந்தக் குழந்தைகளுக்கு உதவாது. வேகம் வரட்டும் என்று ஊசியைச் சுட்டு நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்குவது அதைவிட ஆபத்து. ஓட்டை பெரிதானால் குழந்தை கேட்டாலும் கேட்காவிட்டாலும் பால் கொட்டிக்கொண்டே இருக்கும். மூச்சுக்கும் விழுங்கலுக்கும் நடுவில் குழந்தை திணறிப்போகும். வேகம் குழந்தையின் கட்டுப்பாட்டிலோ உங்கள் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். பூமியின் ஈர்ப்புக்கு அதை விட்டுவிடக் கூடாது.

*பிழியும் புட்டி.* மென்மையான பிளாஸ்டிக்கால் ஆன, விரலால் அழுத்தினால் உள்வாங்கும் புட்டி. மீட் ஜான்சன் நிறுவனத்தின் அண்ணப்பிளவுப் புட்டி இந்த வகை. இதன் நிப்பிள் நீளமானது; நுனியில் கூட்டல் குறிபோல் கீறல் இருக்கும். வட்ட ஓட்டையிலிருந்து பால் தானாகச் சொட்டும். கீறலோ அழுத்தும்போது மட்டும் திறந்து, விட்டதும் மூடிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். எளிமையானது, பாகங்கள் குறைவு, உங்கள் கைக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவில் ஒளிந்திருக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டு 2011-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வும், கெட்டிப் புட்டியைவிடப் பிழியும் புட்டி பயன்படுத்த எளிது என்றே கண்டது. வளர்ச்சியில் இரண்டுக்கும் வேறுபாடு நிரூபிக்கப்படவில்லை என்றும் அது சொன்னது. ஆகவே எந்தப் புட்டியையும் மந்திரக்கோலாக நினைக்க வேண்டாம்.

*ஒருவழி வால்வுள்ள புட்டிகள்.* இவற்றில் நிப்பிளுக்குள் போன பால் மறுபடி புட்டிக்குள் திரும்பாமல் ஒரு சிறு தட்டோ படலமோ தடுக்கிறது. குழந்தை ஈறால் அழுத்தினால் போதும், பாலுக்கு வெளியே வருவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று வகைகளை அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவது ஹேபர்மேன் ஃபீடர். இப்போது மெடேலா நிறுவனம் வேறு பெயரில் விற்கிறது. மாண்டி ஹேபர்மேன் என்ற பிரிட்டன் பெண்மணிக்கு 1980-ல் ஸ்டிக்லர் நோய்க்குறி என்ற, அண்ணப்பிளவும் சேர்ந்து வரக்கூடிய மரபணுக் குறையுடன் மகள் பிறந்தாள். அவளுக்குப் பால் புகட்டப் பட்ட பாட்டிலிருந்து உருவானது இந்தக் கருவி. ஒரு தாயின் கவலை புட்டியின் வடிவத்தில் தெரிகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். நீண்ட மென்மையான நிப்பிள் ஒரு சிறு பால் தொட்டியாகவே இருக்கிறது. அதை நீங்களும் மெல்ல அழுத்திக் கொடுக்கலாம். நிப்பிளின் மேல் மூன்று நீளங்களில் கோடுகள் உண்டு. எந்தக் கோடு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கிறதோ அதைப் பொறுத்து வேகம் மாறும்: குட்டைக் கோடு குறைந்த வேகம், நீளக் கோடு அதிக வேகம். குழந்தை திணறினால் புட்டியை வாயிலிருந்து எடுக்காமல் சற்றுத் திருப்பினாலே வேகம் தணிந்துவிடும். தொடங்குவதற்கு முன் புட்டியை நேராகப் பிடித்து, நிப்பிளைப் பிழிந்து காற்றை வெளியேற்றி, புட்டியைக் கவிழ்த்து, பிறகு நிப்பிளின் பிடியை விட வேண்டும். பால் நிப்பிளுக்குள் ஏறும். நிறையும்வரை இதைச் செய்யாமல் கொடுத்தால் குழந்தை காற்றைத்தான் குடிக்கும்.

இரண்டாவது, பிஜியன் அண்ணப்பிளவு நிப்பிள். இதன் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும். தடித்த பக்கம் அண்ணத்தை நோக்கி, மெலிந்த பக்கம் நாக்கின் மேல். காற்றுத் துளை இருக்கும் இடம் மூக்குக்கு நேரே வர வேண்டும். அதை அடையாளமாக வைத்துக்கொண்டால் திசை தவறாது. திருகு வளையத்தை மிகவும் இறுக்கினால் காற்று உள்ளே போகாமல் நிப்பிள் சப்பிப்போகும், கொஞ்சம் தளர்த்துங்கள். குழந்தைக்கு அழுத்தும் பலம் நன்றாக இருந்தால் இதில் தானாகவே குடிக்கும், நீங்கள் பிழிய வேண்டியதில்லை.

மூன்றாவது, டாக்டர் பிரவுன்ஸ் புட்டிக்கான ஒருவழி வால்வு. பார்வைக்குச் சாதாரணப் புட்டிபோலவே இருக்கும். நிப்பிளுக்கு அடியில் வால்வைப் பொருத்துகிறார்கள். நிப்பிளை மெது வேகத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக மாற்றிக்கொள்ளலாம்.

*கோப்பை.* சிறப்புப் புட்டி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுத்தமான சிறு கோப்பை, மூக்குள்ள பாலாடை, சங்கு எதுவானாலும் அன்றே தொடங்கலாம். நிஃப்டி என்ற பெயரில் மென்மையான சிலிக்கான் கோப்பை ஒன்றும் இருக்கிறது. உறிஞ்ச முடியாத பச்சிளம் குழந்தைகளுக்காகவே, சிறிது சிறிதாகப் பால் சேரும் முகப்புடன் செய்யப்பட்டது. எந்தக் கோப்பையானாலும் விதி ஒன்றுதான்: விளிம்பைக் கீழுதட்டில் மெல்லச் சாய்த்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரித்து, குழந்தை நாக்கால் நக்கி எடுக்கக் காத்திருங்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள். கழுவுவது எளிது என்பது கோப்பையின் பெரிய பலம். கொதிக்கவைக்க வசதி குறைவான இடங்களில் புட்டியைவிட அதுவே பாதுகாப்பு.

*அண்ணத் தகடு.* மேலண்ணத்தை அச்செடுத்துச் செய்யும் பிளாஸ்டிக் தகடு. திறப்பை மூடிவிட்டால் உறிஞ்சிவிடும் என்று தோன்றும். ஆனால் பின்பக்கத்து மென்மையான அண்ணம் திறந்தே இருப்பதால் உறிஞ்சும் அழுத்தம் பெரும்பாலும் உண்டாவதில்லை. குழந்தை வளர வளர மாற்ற வேண்டும். சரியாகப் பொருந்தாவிட்டால் புண்ணாக்கும். மேலே சொன்ன காக்ரேன் மதிப்பாய்வும் இத்தகைய தகடுகள் வளர்ச்சிக்கு உதவியதாகச் சான்று காணவில்லை. அறுவை சிகிச்சைக் குழு வேறு காரணத்துக்காகத் தகடு வைத்தால் அது வேறு விஷயம். பால் புகட்டுவதற்கென்று முதலிலேயே இதைத் தேடிப் போக வேண்டாம்.

புகட்டும் நேரம்

இனி கைவேலை. முதல் சில நாள் தடுமாறும். மூன்றாம் நான்காம் நாளில் உங்கள் விரலே குழந்தையின் தாளத்தைத் தெரிந்துகொள்ளும்.

1. குழந்தை அலறி அழும் வரை காத்திருக்காதீர்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது ஆகியவைதான் பசியின் முதல் அடையாளங்கள். அழுது களைத்த குழந்தையால் பாதிக்கு மேல் குடிக்க முடியாது.

2. நிமிர்த்தி உட்கார வையுங்கள். உங்கள் முழங்கையின் மடிப்பில் தலை, இடுப்பைவிட தலை நன்றாக உயர்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்த நிலை. கழுத்து பின்னால் சாயக் கூடாது, முகவாய் மார்பில் அழுந்தவும் கூடாது. படுக்கவைத்துக் கொடுத்தால் பால் மூக்குக்கும் காதுக்குழாய்க்கும் ஏறும். நிமிர்ந்திருந்தால் தானே தொண்டைக்கு இறங்கும்.

3. நிப்பிளால் கீழுதட்டைத் தொடுங்கள். வாய் திறந்ததும் நாக்கின் மேல் வையுங்கள். பிளவு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நிப்பிளைப் பிளவில்லாத பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். அழுத்துவதற்கு அங்கேதான் அண்ணம் இருக்கிறது. நுனி பிளவுக்குள் நுழைந்து நிற்கக் கூடாது.

4. குழந்தை முதலில் சப்பட்டும். தாடை கீழே இறங்கி மேலே வருவதைப் பாருங்கள். அது சப்பும்போது நீங்கள் புட்டியை மெல்ல அழுத்துங்கள். அது விழுங்கும்போது விரலைத் தளர்த்துங்கள். சப்பு, அழுத்து, விழுங்கு, விடு. இரண்டு மூன்று முறைக்கு ஒருமுறை குழந்தை மூச்சுக்காக நிற்கும். அப்போது நீங்களும் நிற்க வேண்டும். இந்த நான்காவது படியில்தான் எல்லாமே இருக்கிறது. அவசரத்தில் தொடர்ந்து பிழிந்துகொண்டே போவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. பயத்தில் பிழியாமலேயே வைத்திருப்பது இரண்டாவது.

5. முகத்தைப் பாருங்கள், புட்டியின் கோடுகளைப் பார்க்காதீர்கள். கண் அகல விரிவது, புருவம் மேலேறுவது, விரல்கள் விறைத்து விரிவது, மூக்குத் துவாரம் விடைப்பது, வாயோரம் பால் வழிவது, மடக் மடக் என்று அவசரமாக விழுங்குவது: வேகம் அதிகம் என்று குழந்தை சொல்லும் மொழி இது. உடனே புட்டியைத் தாழ்த்தி, பால் நிப்பிளிலிருந்து இறங்கும்படி செய்து, மூச்சு சீராகும்வரை காத்திருங்கள்.

6. மூக்கு வழியாகப் பால் வரும். முதல் முறை பார்க்கும்போது நெஞ்சு பதறும். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் திறப்பு இருக்கும் குழந்தைக்கு இது இயல்பு. புரையேறுவதும் இதுவும் ஒன்றல்ல. நிறுத்துங்கள், தும்மவோ இருமவோ விடுங்கள், துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் வந்தால் நிமிர்வு போதவில்லை அல்லது வேகம் அதிகம்.

7. ஏப்பம். இந்தக் குழந்தைகள் பாலோடு நிறையக் காற்றையும் விழுங்குகின்றன. ஒவ்வொரு 15 முதல் 30 மில்லிக்கும் ஒருமுறை தோளில் சாய்த்தோ மடியில் உட்காரவைத்தோ ஏப்பம் விடச் செய்யுங்கள். ஆனால் நன்றாகத் தாளத்தில் குடித்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கி எடுக்காதீர்கள். அது தானாக நிற்கும் இடத்தில் செய்யுங்கள்.

8. ஏப்பத்தோடு சேர்த்து 30 நிமிடத்தில் முடியுங்கள். அதற்கு மேல் போனால் குழந்தை குடித்துப் பெற்ற சக்தியைக் குடிப்பதிலேயே செலவழிக்கிறது. பல வேளை 30 நிமிடத்தைத் தாண்டினால் குழந்தை சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். கருவியையோ வேகத்தையோ மாற்ற வேண்டும்.

9. முடிந்ததும் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள். ஒன்றிரண்டு மில்லி கொதித்து ஆறிய தண்ணீர் கொடுத்தால் பிளவில் தங்கிய பால் கழுவப்படும். ஓரத்தில் காய்ந்ததை ஈரத் துணியால் துடையுங்கள். பஞ்சுக் குச்சியைப் பிளவுக்குள் விடாதீர்கள்.

இத்தனையும் தாய் ஒருவரின் தலையில் விழக் கூடாது. அப்பாவோ பாட்டியோ, குறைந்தது இன்னொருவராவது முதல் வாரத்திலேயே இதைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒருவர் பால் புகட்டும் நேரத்தில் தாய் பாலைப் பீய்ச்சலாம். இல்லையென்றால் புகட்டுவதும் பீய்ச்சுவதும் கழுவுவதுமாகவே அவருடைய 24 மணி நேரமும் தீர்ந்துவிடும். ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாகப் புகட்டினால் குழந்தை குழம்பிப்போகும். இரண்டு பேர், ஒரே கருவி, ஒரே முறை. புதிய புட்டிக்கு மாறினாலும் சில நாளாவது விடாமல் முயன்று பாருங்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு புட்டி என்று மாற்றாதீர்கள்.

போதுமான அளவு குடிக்கிறதா?

முதல் நாட்களில் தேவை மிகக் குறைவு, படிப்படியாக ஏற்றுங்கள். முதல் வாரத்தின் முடிவில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லி என்ற கணக்கு பொதுவாகப் பொருந்தும். 3 கிலோ குழந்தைக்கு 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 முதல் 60 மில்லி. ஒரு வேளை குறைந்து அடுத்த வேளை கூடினால் கவலை வேண்டாம், நாள் மொத்தத்தைப் பாருங்கள். பிறந்த முதல் மாதத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள்.

ஐந்தாறு நாளுக்குப் பிறகு தினமும் குறைந்தது 6 முறை நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் முதல் நாட்களில் எடை இழக்கும். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். தொடக்கத்தில் வாரம் ஒருமுறையாவது, ஒரே தராசில், உடையில்லாமல் எடை போடுங்கள். ஒரு நோட்டில் வேளை, அளவு, எடுத்துக்கொண்ட நேரம், எடை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். "நன்றாகக் குடிக்கிறது" என்று சொல்வதைவிட அந்த நோட்டு மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு உதவும். எடை ஏறவில்லையென்றால் பாலை நீங்களாகக் கெட்டியாக்காதீர்கள். பவுடரைக் கூடுதலாகக் கலப்பது சிறுநீரகத்துக்குச் சுமை. சத்துக் கூட்டுவதை மருத்துவர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

கருவியைக் கழுவுவது

வால்வுள்ள புட்டிகளில் பால் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் எல்லாப் பாகங்களையும் கழற்றி, முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, குறைந்தது 5 நிமிடம் கொதிக்கவையுங்கள். வால்வுப் படலத்தைப் பிரஷ் முனையால் குத்தாதீர்கள். மயிரிழைக் கிழிசல் விழுந்தாலும் வேலை செய்யாது. வால்வைத் தலைகீழாகப் பொருத்தினாலும் பால் வராது. குழந்தை திடீரென்று குடிக்க மறுத்தால், குழந்தையைச் சந்தேகிப்பதற்கு முன் வால்வைப் பாருங்கள்: நிப்பிளில் பால் நிறைத்துப் பிழிந்தால் நுனியில் பீறிட வேண்டும், புட்டிக்குள் குமிழி விட்டுத் திரும்பக் கூடாது. உதிரி நிப்பிளும் வால்வும் ஒரு செட் எப்போதும் கையில் இருக்கட்டும்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

குடிக்கும்போது உதடோ முகமோ நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளிழுப்பது, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, மூன்று மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

கீழ்த்தாடை மிகச் சிறிதாக, முகவாய் உள்வாங்கி இருக்கும் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பியர் ராபின் தொடர் என்று இதற்குப் பெயர். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது. தூக்கத்தில் குறட்டைபோல் சத்தம் வரும். இவர்களுக்கு மூச்சுதான் முதல் பிரச்சினை, பால் இரண்டாவது. எப்படிப் படுக்கவைப்பது, எப்படிப் புகட்டுவது என்பதை நிபுணர் குழுவே தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டுரையை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் டியூப் சில வாரங்களுக்குத் தேவைப்படலாம். அண்ணப்பிளவு மட்டுமே உள்ள, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ டியூப் அரிதாகவே தேவை. புகட்டத் தெரிந்தவர் அருகில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக டியூப் போடப்படுகிறதா என்று மரியாதையோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சையை நோக்கி

உதட்டைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் சரிசெய்வார்கள். 10 வாரம், 10 பவுண்டு எடை, ஹீமோகுளோபின் 10 கிராம் என்ற பழைய "பத்துகளின் விதி"யை இன்றும் பல அறுவை மருத்துவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். 10 பவுண்டு என்றால் ஏறத்தாழ நாலரைக் கிலோ. நீங்கள் ஒவ்வொரு வேளையும் பார்த்துப் பார்த்துப் புகட்டும் பால்தான் அந்த நாளை முன்னால் கொண்டுவருகிறது. அண்ணத்தைப் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் மூடுவார்கள்.

ஆறு மாதம் நிறைந்ததும் மற்றக் குழந்தைகளைப்போலவே குழைந்த உணவைத் தொடங்கலாம். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியில், நாக்கின் நடுவில் வையுங்கள். மூக்கு வழியாகக் கொஞ்சம் வரும்; நீர்த்த கூழைவிடச் சற்றுக் கெட்டியானது குறைவாக வரும். துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

அதே சமயத்தில் மூடியில்லாத கோப்பையில் குடிக்கவும் பழக்குங்கள். அண்ணத்தை மூடிய பிறகு தையலில் இடிக்கக்கூடிய எதையும் சில வாரங்களுக்கு வாய்க்குள் விட வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள்: நிப்பிள், உறிஞ்சுகுழல், கெட்டிக் கரண்டி எல்லாம் அதில் அடங்கும். எத்தனை வாரம், எது அனுமதி என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும். அறுவைக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலியோடு கண்விழிக்கும் குழந்தைக்கு அன்றுதான் கோப்பையை அறிமுகப்படுத்துவது கொடுமை. முன்பே பழகியிருந்தால், தனக்குத் தெரிந்த கோப்பையைப் பார்த்ததும் அது தானாக வாய் திறக்கும்.